ஈயமா, தொப்பியா, வெறும் ரேப்பா? வீட்டு வயறிங் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்களுடையது அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு. சீலிங்குக்கு மேலே உள்ள ஜொயின்ற் எல்லாம் முறுக்கி ஈயம் வைத்தவை. ரொறன்ரோவில் இருந்து வந்த சின்னமாமா முறுக்கிப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒரு பை கொண்டுவந்து, அங்கே எல்லா வீட்டிலும் இதுதான், ஈயத்தை வெட்டிப்போட்டு இதைப் போடுங்கோ என்கிறார். வயறிங் செய்ய வந்த தம்பி, இரண்டும் தேவையில்லை, முறுக்கி ரேப் சுற்றினால் காணும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கொக்குவில்)

பதில்: தம்பி சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். ரேப் கை படாமல் காக்கும், கம்பியை இறுக்கிப் பிடிக்காது. போன வருடம் ஒரு வீட்டில், கேத்தில் போட்டால் குசினி லைட் துடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தால் சீலிங் மேலே ரேப் சுற்றிய ஜொயின்ற் ஒன்று. உரிக்க உரிக்க ரேப்பின் பசை விரலில் ஒட்டுகிறது, உள்ளே செம்பு கறுத்து ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு, வயரின் உறை இரண்டு அங்குல நீளத்துக்கு அப்பளம் போல நொருங்குகிறது. முறுக்கைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது என்றால், 2000 வாற் கேத்தில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். ஜொயின்ற் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டாலே அந்தச் சின்ன இடத்தில் ஏழரை வாற் சூடு பிறக்கும். வயரின் பிவிசி உறை 70 பாகை வரைக்கும் மட்டும் தாங்கும்படி செய்தது. சூட்டில் செம்பு இன்னும் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். இதை பிரேக்கரோ ட்ரிப் சுவிட்சோ பிடிக்காது என்பதுதான் என்னைப் பயப்படுத்துகிற விஷயம். பிரேக்கர் பார்ப்பது கூடுதல் கறண்டை, ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது வெளியே கசிகிற 30 மில்லி அம்பியரை. இங்கே இரண்டும் இல்லை, கறண்ட் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்புகிறது, நடுவில் ஓரிடம் மட்டும் எரிகிறது.

சரி, ஈயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஆட்கள் செய்த ஈய ஜொயின்ற் நல்ல வேலை, அதைக் கேலி பண்ண வேண்டாம். கம்பிகளை ஒன்றையொன்று நெருக்கிச் சுற்றி, இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கிய பிறகுதான் ஈயம் விட்டார்கள். அமெரிக்க விதிநூலும் இதையேதான் சொல்கிறது: ஈயம் இல்லாமலே ஜொயின்ற் உறுதியாக இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் ஈயம். காரணம், வழக்கமான 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 பாகையிலேயே இளகத் தொடங்கும், செம்பு உருக 1085 பாகை வேண்டும். பிடிப்பைச் செம்பின் முறுக்கு கொடுக்கவேண்டும், ஈயம் காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் அடைக்கவேண்டும். நம்முடைய உப்புக் காற்றில் அந்த அடைப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆகவே மெயினை நிறுத்திவிட்டு ஒரு ஜொயின்றைத் திறந்து பாருங்கள். ஈயம் மினுங்கலாக வழிந்து கம்பியோடு ஒட்டி, உறை மென்மையாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். மங்கலாக, திரளை திரளையாக, அசைத்தால் அசைகிறதா, வெட்டிவிடுங்கள். புதிதாக வைப்பதென்றால் ரோசின் (பைன் மரப் பிசின்) உள்ள ஈயம்தான், தகரம் ஒட்டுகிற அமிலம் வேண்டாம், அது சில வருடத்தில் செம்பைத் தின்னும். ஏர்த் வயரில் ஈயத்தை மட்டும் நம்பி விடவே கூடாது.

மாமாவின் தொப்பியும் நல்ல சாமான்தான். கனடாவில் அதை மாரெட் என்பார்கள், ஸ்கொட்லாந்தில் இருந்து ஒன்ராறியோவில் போய்க் குடியேறிய மார் என்பவர் 1914இல் தொடங்கிவைத்த வகை. உள்ளே கூம்பு வடிவில் ஒரு சுருள் கம்பி, முறுக்க முறுக்கச் செம்பைக் கடித்துப் பிடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் அங்கத்தைய ஒற்றைக் கம்பிக்குப் பழகியது. பையில் 14, 12 என்று அமெரிக்க அளவு போட்டிருக்கும்: 14 என்றால் 2.08 சதுர மில்லிமீற்றர், 12 என்றால் 3.31. நம்முடைய பிளக் வயர் 2.5, அதுவும் ஏழு இழை. பையிலேயே சதுர மில்லிமீற்றர் அளவும் எத்தனை வயர் என்பதும் இருந்து, உங்கள் வயர் அதற்குள் வந்தால் போடலாம். போட்டபின் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்க்கவேண்டும், தொப்பிக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது. மெல்லிய லைட் வயரையும் தடித்த வயரையும் ஒரே தொப்பிக்குள் திணித்தால் மெல்லியது நழுவும்.

நான் என் வீட்டில் போடுவது நெம்பு வைத்த ஸ்பிரிங் கனெக்ரர். 11 மில்லிமீற்றர் உரித்து, உள்ளே விட்டு, நெம்பை மூடினால் முடிந்தது, பக்கத்தால் பார்த்தால் செம்பு போய்ச் சேர்ந்ததும் தெரியும். எதைப் போட்டாலும் மூடியுள்ள பெட்டிக்குள், ஏணி வைத்தால் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நாங்கள் பின்பற்றுகிற பிரித்தானிய விதிநூல் பிஎஸ் 7671 ஸ்க்ரூ ஜொயின்றைச் சுவருக்குள் பூச விடாது, ஒழுங்காக ஈயம் வைத்ததை விடும்.

கேள்வி: ஸ்க்ரூ கனெக்ரருக்குள் விடுமுன் வயர் நுனிக்கு ஈயம் பூசினால் நல்லதுதானே? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கூடாது. ஈயம் மெது, ஸ்க்ரூவின் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசிந்து விலகும், இன்று இறுக்கியது சில மாதத்தில் ஆடும். வெறும் இழைகளை முறுக்கி விடுங்கள், அல்லது நுனிக்குக் குழாய் முனை போட்டு நசித்துவிடுங்கள்.

கேள்வி: மண்வெட்டி பட்டு கிணற்று மோட்டருக்குப் போகிற கேபிள் அறுந்துவிட்டது. முறுக்கி ஈயம் வைத்து ரேப் சுற்றிப் புதைக்கலாமா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: வேண்டாம் தம்பி. ஈயம் எவ்வளவு நன்றாக வைத்தாலும் ரேப்புக்குள் ஈரம் போகும், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பது நீங்கள். கேபிள் குட்டையென்றால் முழுதாக மாற்றிவிடுங்கள். நீளமென்றால் அறுந்த இரண்டு முனையையும் மேலே எடுத்து, ஒரு தூணில் மழை போகாத பெட்டி வைத்து அதற்குள் கனெக்ரரில் சேருங்கள். புதைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் ரெசின் ஊற்றி அடைக்கிற ஜொயின்ற் பெட்டி கடையில் கேளுங்கள். அந்த மோட்டர் லைனுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இருந்தால் அதன் ரெஸ்ற் பட்டனை ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள்.