அதிகப் பணம் கொடுத்துத் தங்கியும் ஏமாற்றமாக முடிந்த விடுதி அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. 2024 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். மகாபலிபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலை ஒட்டி இருக்கும் ஒரு பெரிய விடுதி. பெயர் வேண்டாம். இரண்டு ராத்திரிக்கு வாடகை 29,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,220 ரூபாய், ஆக மொத்தம் 34,220. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினாலே அறைக்கு 18 சதவீத வரி. புக் செய்கிறவர்கள் இதையும் முதலிலேயே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு இது பெரிய தொகை. ஆனால் இன்றைக்கும் என் மனதில் நிற்பது பணம் இல்லை, அம்மா கேட்டது கிடைக்கவில்லை என்பதுதான்.

நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வாய்க்கால், நெல், மஞ்சள் என்று வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு அப்போது 64 வயது, அதுவரை கடலைப் பார்த்தது இரண்டே தடவை. கல்யாணம் ஆன புதிதில் கன்னியாகுமரி. அப்பா தவறிய பிறகு காரியத்துக்காக ராமேசுவரம், அங்கே அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் அலை என்றால் அவருக்கு நாற்பது வருடத்துக்கு முந்தைய ஞாபகம்தான். ஒருநாள் டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர், "படுத்துக்கிட்டே அலைச் சத்தம் கேட்டுட்டுத் தூங்கோணும் சாமி, காலைல எந்திரிச்சதும் பொழுது கடல்ல இருந்து கிளம்பறதப் பாக்கோணும்" என்றார். எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அதனால்தான் மலிவான இடங்களை எல்லாம் தள்ளிவிட்டு, இணையதளத்தில் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி முழுக்கக் கடல் தெரிகிற அந்தப் படத்தைப் பார்த்து, போனிலும் ஒருமுறை "ரூமிலிருந்து கடல் தெரியுமா" என்று கேட்டு, "சீ வியூ ரூம்தான் சார்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு பணம் கட்டினேன்.

காரில் எட்டு மணி நேரம். நான், மனைவி, மகள், அம்மா. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அறை தரைத்தளத்தில், அதில் எனக்குச் சந்தோஷம்தான், அம்மாவுக்கு முட்டிவலி. உள்ளே போனதும் அம்மா நேராகப் பால்கனிக் கதவுக்குத்தான் போனார். கதவு வரவில்லை. கீல் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது, நான் தோள் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் திறந்தது. அம்மா வெளியே வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எதிரே ஜெனரேட்டர் ஷெட், அதன் சுவரில் வரிசையாக ஏசி மெஷின்கள். ஷெட்டின் கூரைக்கும் ஒரு தென்னை மரத்துக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு நீலமாக ஒன்று தெரிந்தது. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "அதுதானா கண்ணு?" என்று கேட்டார். கம்பியிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கத் துரு. முந்தானையில் துடைத்தார், வெளிர்பச்சைச் சேலையில் செங்கல் நிறத்தில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

வரவேற்பில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். இது "பார்ஷியல் சீ வியூ" ரூம், கடலைப் பார்த்த ரூம் வேண்டுமென்றால் அது "சீ ஃபேசிங்", ராத்திரிக்கு ஆறாயிரம் கூடுதல், அதுவும் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை, கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்றான். நான் புக் செய்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். உண்மைதான், அறையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த வார்த்தை இருந்தது. ஆனால் மேலே போட்டிருந்த படம் அந்த அறையுடையது இல்லை. போனில் பேசியவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் போடாத படத்துக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறான். படத்தைப் போட்டவர்கள் மேல்தான் கோபம்.

குளியலறை பளபளப்பாக இருந்தது. தொட்டிக்குள் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்து இறங்கித்தான் குளிக்க முடியும், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி கிடையாது. வாளி, சொம்பு, உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டோம், இரண்டு மணி நேரம் கழித்து வாளி வந்தது, ஸ்டூல் வரவே இல்லை. என் மனைவி ரூம் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டு அத்தையைக் குளிக்க வைத்தாள். வயதானவர்கள் வருவார்கள் என்று இவ்வளவு பெரிய இடத்தில் யாருமே யோசித்திருக்க மாட்டார்களா?

சரி, கடல் தெரியாவிட்டாலும் சத்தமாவது கேட்கும் என்று நினைத்தேன். தை முகூர்த்த மாதம். ஏழு மணிக்குப் புல்தரையில் ரிசப்ஷன் ஆரம்பித்தது, பத்தடி உயர ஸ்பீக்கர்கள், டிஜே. கல்யாண வீட்டுக்காரர்கள் சந்தோஷமாக இருக்கட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி அங்கே கச்சேரி என்பது விடுதிக்கு மாதக்கணக்காகத் தெரியும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வந்திருப்போம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்தரைக்கு நான் போன் செய்தேன், "இதோ சொல்கிறோம் சார்" என்றார்கள், நின்றபோது மணி பதினொன்றே முக்கால். அதற்குப் பிறகும் அலை கேட்கவில்லை, ஏசி மெஷின்களின் இரைச்சல்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புல்தரையின் ஃபிளட்லைட் எல்லாம் கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. தை முதல் பங்குனி வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வருகிற காலம், முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும், கரை வெளிச்சமாக இருந்தால் கடலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து செத்துப்போகும். கடலை வைத்துப் பிழைக்கிற விடுதிக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே அம்மா குளித்து, தலை வாரி, தயாராக உட்கார்ந்திருந்தார். தையில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகும். மெதுவாக நடத்திக் கடல் பக்கத்துக் கேட்டுக்குக் கூட்டிப் போனேன். பூட்டு. காவலாளி, "ஏழு மணிக்குத்தான் சார் தொறப்போம், லைஃப்கார்டு அப்பதான் வருவாரு" என்றார். அவர் சொல்லும் காரணம் நியாயமானது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் கரை சரிவானது, நாலு அடி வைத்தால் ஆழம், அடியில் இழுப்பு உண்டு, வருடா வருடம் அந்தச் சாலையோரக் கடலில் எத்தனையோ பிள்ளைகள் போகிறார்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், கேட்டுக்கு அந்தப் பக்கம் மணலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்றார். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் விடுதி, விளம்பரத்தில் சூரிய உதயம், சூரியன் உதிக்கும் நேரத்தில் கேட் பூட்டு. வெளுத்துக்கொண்டே வந்த வானத்தை கேட் கம்பிகளுக்கு நடுவே பார்த்துவிட்டு அம்மா, "பரவால்ல சாமி, வா போலாம்" என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். காலை டிபன் ஓரளவு, காபி மெஷின் காபி. ராத்திரி மகள் மீன் கேட்டாள், "கேட்ச் ஆஃப் தி டே", அதாவது அன்றைக்குப் பிடித்த மீன், என்று 950 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. வந்த துண்டு வெள்ளையாக, முள்ளே இல்லாமல், ருசியே இல்லாமல் இருந்தது. என்ன மீன் என்று பரிமாறியவரைக் கேட்டேன், கொஞ்சம் தயங்கி "பாசா சார்" என்றார். பாசா கடல் மீனே கிடையாது, நன்னீரில் வளர்க்கிற கெளுத்தி இனம், உறைய வைத்த பாக்கெட்டில் வருவது. பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. அதை எடுக்கச் சொன்னேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே உணவகமோ விடுதியோ தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, நாம் விரும்பிக் கொடுத்தால்தான் உண்டு. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு நான் அந்த ஆணையம் சொன்னதை எடுத்துச் சொன்னதும் பேசாமல் எடுத்துவிட்டார்கள். கேட்காத மேசைகள் எல்லாம் கட்டிவிட்டுப் போயிருக்கும்.

கிளம்பும் நாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து, கேட்டை நம்பாமல், அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு மீனவர் குப்பத்துக்குள் திரும்பினேன். அம்மாவின் கையைப் பிடித்து மணலில் நடத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து, வலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "இப்டி குந்துமா, மணல்ல குந்துனா எந்திரிக்க முடியாது" என்றார். யாரும் சொல்லாமலே அந்த முட்டிவலி அவருக்குத் தெரிந்தது. ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக அலையின் மேல் ஏறிக் கரைக்கு வந்தன. ஒவ்வொரு படகு வரும்போதும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார், மணலைத் தொட்டதும் விட்டார். சூரியன் வந்தது. அம்மா கும்பிட்டார். பிறகு கூடையில் துள்ளிக்கொண்டிருந்த மீனைக் காட்டி இதன் பெயர் என்ன, அதன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அந்த அம்மாவும் சலிக்காமல் சங்கரா, காரப்பொடி, நெத்திலி என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாசலுக்கு நேராக வந்து போகிற இந்த மீனில் ஒன்றைக்கூட வாங்கிச் சமைக்காமல்தான் அந்த விடுதி எங்களுக்குப் பாசா போட்டது.

ஊருக்கு வந்ததும் விடுதிக்கு மின்னஞ்சல் எழுதினேன், பால்கனிப் படம், புக்கிங் பக்கத்துப் படம் இரண்டையும் வைத்து. அடுத்த முறை வந்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். எனக்குக் கூப்பன் வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். மூன்று வாரத்தில் விடுதியிலிருந்து அழைத்து 6,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மேலும் போக விரும்புகிறவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விடுதி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போகவில்லை. படம் எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த ஆறாயிரமாவது வந்தது, அதனால் எங்கே தங்கினாலும் உள்ளே நுழைந்ததும் அறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் புக் செய்யும் முன் அந்த அறையின் ஜன்னலில் நின்று ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். அந்தத் தேதியில் கல்யாணம் உண்டா, கடல் பக்கத்துக் கேட் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்கிறேன். நல்ல இடங்கள் பதில் சொல்கின்றன, சில இடங்கள் போனை வைத்துவிடுகின்றன.

அம்மாவுக்குப் போன வருடம் ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆனது, இப்போது கைத்தடியோடு நடக்கிறார். விடிகிற கடலைப் பார்த்துவிட்டார், அலைச் சத்தத்தில் தூங்குவது மட்டும் பாக்கி. மகாபலிபுரம் ஒத்தவாடைத் தெருப் பக்கம் இரண்டு மூன்று சின்ன விடுதிகளை விசாரித்தேன், அலை நன்றாகக் கேட்கிற அறை எல்லாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. மகாபலிபுரத்திலிருந்து தரங்கம்பாடி வரை எங்காவது, தரைத்தளத்தில், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிற, ராத்திரி ஜன்னலைத் திறந்தால் அலை கேட்கிற அறை ஒன்று யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.