ரிங் ஏறும் முன்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பாக்சிங் கோச்சின் பதில்கள்

அடுத்த ஞாயிறு எனக்கு முதல் போட்டி. 60 கிலோ பிரிவில் பேர் கொடுத்திருக்கிறேன், இப்போது எடை 63. சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை போட்டால் இறங்கும் என்கிறார்கள். போடலாமா? – வியாசர்பாடி வாசகர்

தொடாதீர்கள். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதை விடுங்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். அமெச்சூர் போட்டியில் காலையில் எடை பார்த்து அன்றைக்கே ரிங்கில் ஏற்றிவிடுவார்கள். வற்றின உடம்பு அதற்குள் தேறாது. கோச்சிடம் சொல்லி மேல் பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் அடுத்த போட்டிக்குப் போங்கள். முதல் போட்டியை எந்த எடையில் ஆடினீர்கள் என்று பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

ஸ்பாரிங்கில் (பயிற்சி ஆட்டத்தில்) ஒரு ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, வாங்கினேன். இரண்டு நாளாகத் தலைவலி. ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டிருந்தேனே, பயப்பட வேண்டுமா? – ராயபுரம் வாசகர்

இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது இதுதான். ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 2013-லேயே ஆண்கள் சீனியர் பிரிவில் அதைக் கழற்றிவிட்டார்கள்; 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள்.

இன்றே டாக்டரைப் பாருங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். முதல் குலுக்கல் ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது சின்ன அடியானாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். தலைவலி போய், டாக்டர் சரி என்று எழுதித் தரும்வரை ஸ்பாரிங் கிடையாது, போட்டியும் கிடையாது. “பயந்துட்டான்” என்று கூட இருக்கிற பசங்கள் சொல்வார்கள், சொல்லட்டும். கோச்சிடம் மறைப்பதுதான் பெரிய தப்பு. எத்தனையோ பேர் மறைக்கிறார்கள், போட்டியில் பேர் போய்விடுமே என்று.

தினமும் மெரினாவில் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனாலும் முதல் ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறதே? – புளியந்தோப்பு வாசகர்

குத்தும்போது மூச்சை அடக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குத்துக்கும் “ஷ்” என்று காற்றை விடுங்கள். சீனியர் போட்டி என்றால் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. பஞ்சிங் பேக்கையும் அந்தக் கணக்கிலேயே அடியுங்கள். கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

எதிராளி இடதுகைக்காரர். என்ன செய்ய? – எண்ணூர் வாசகர்

நீங்கள் வலதுகைக்காரர் என்றால், முன்னால் வைக்கும் உங்கள் இடது பாதம் அவருடைய முன் பாதத்துக்கு வெளியே இருக்கட்டும். இடப்பக்கமாகவே நகருங்கள், அவருடைய இடது கை எளிதில் எட்டாது. வலது நேர்க்குத்து நடுவில் தானாக இறங்கும். இந்த வாரம் யாராவது இடதுகைப் பையனைப் பிடித்து, அடி போடாமல் கால் நகர்த்த மட்டும் பழகுங்கள்.