கூரை கான்ட்ராக்டர் அனுப்பிய பிடிஎஃப்: அதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டெக்சஸில் ஃப்ரிஸ்கோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஆலங்கட்டி மழையில் கூரை ஷிங்கிள்ஸ் (ஓடு மாதிரி அடுக்கிப் பதிக்கும் துண்டுகள்) முழுக்க அடிவாங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு 5 லட்சம் டாலர் கவரேஜ், ஆலங்கட்டி சேதத்துக்கு டிடக்டிபிள் (நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கவரேஜில் 2%. ஒரு கான்ட்ராக்டர் 23,500 டாலர் கேட்கிறார். கதவைத் தட்டி வந்த இன்னொருவர் 19,000 போதும், டிடக்டிபிளையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு பக்க பிடிஎஃப் அனுப்பினார். அது போதுமா? எங்கள் வீட்டுக்கே இன்ஷூரன்ஸ் இருக்கும்போது, அவருடையதைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: போதாது. அந்த 4,500 டாலர் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் யோசியுங்கள். ஷிங்கிள்ஸ் விலை இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூரை வேலை அமெரிக்காவில் அதிகம் உயிர்ப்பலி வாங்கும் தொழில்களில் ஒன்று என்பதால் கான்ட்ராக்டர் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பிரீமியம் மிக அதிகம். ஒழுங்காக பிரீமியம் கட்டுகிறவரால் அடிமாட்டு விலைக்கு வேலை செய்ய முடியாது. அவர் பிரீமியம் கட்டவில்லை என்றால், அந்த ரிஸ்க் உங்கள் தலைக்கு வருகிறது.

டெக்சஸில் இது இன்னும் முக்கியம். இங்கே ரூஃபிங் வேலைக்கு மாநில அரசின் லைசென்ஸே கிடையாது. வேலையாட்கள் காயத்துக்கான வொர்க்கர்ஸ் காம்ப் இன்ஷூரன்ஸும் தனியார் முதலாளிகளுக்குக் கட்டாயமில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு ஆள்கூட வேலைக்கு இல்லாத கூரை கான்ட்ராக்டரும் வொர்க்கர்ஸ் காம்ப் வைத்திருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் கட்டுமானத் தொழிலில் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டாயம். அங்கே அரசு செய்யும் சோதனையை இங்கே நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

அந்த பிடிஎஃப் அனேகமாக 'அக்கார்ட் 25' என்ற படிவமாக, அதாவது இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று காட்டும் சர்டிஃபிகேட்டாக இருக்கும். அதன் மேல்பகுதியைப் படியுங்கள். இது தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது, பெறுபவருக்கு எந்த உரிமையும் தராது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அச்சிட்ட நாளில் அந்த பாலிசி இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பிரீமியம் கட்டாமல் அடுத்த வாரமே பாலிசி ரத்தாகியிருந்தாலும் தாள் அப்படியேதான் இருக்கும். பிடிஎஃபில் தேதியை மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. அதனால் சர்டிஃபிகேட்டைக் கான்ட்ராக்டரிடம் வாங்காதீர்கள். அவருடைய இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமிருந்து நேராக உங்கள் இமெயிலுக்கு வரச் சொல்லுங்கள். ஏஜென்டின் போன் நம்பரை அந்தத் தாளிலிருந்து எடுக்காமல், டெக்சஸ் இன்ஷூரன்ஸ் துறையின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி எடுங்கள். போலித் தாள் என்றால் நம்பரும் போலியாகத்தான் இருக்கும்.

வந்ததும் என்ன பார்ப்பது? கான்ட்ராக்ட்டில் இருக்கும் கம்பெனி பெயரும் 'இன்ஷூர்ட்' பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஜெனரல் லயபிலிட்டியில் (அவர் வேலையால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் என்பது வழக்கமான அளவு. வேலை முடியும் நாள் வரை பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

தெரியாதது விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் பாலிசி பணம் தராது என்ற பட்டியல். அவற்றை அந்த ஒரு பக்கத் தாள் காட்டாது, ஏஜென்டிடம் எழுத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும். முதல் கேள்வி: குடியிருப்பு வீடுகளின் கூரை வேலை இந்த பாலிசியில் அடங்குமா? பெயின்டிங், தச்சு வேலை என்று சொல்லி மலிவாக பாலிசி எடுத்துவிட்டு கூரையில் ஏறுகிறவர்கள் உண்டு. இரண்டாவது: பழைய ஷிங்கிள்ஸைப் பிரித்துப் போட்ட நேரத்தில் மழை வந்து வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் பணம் வருமா? பல கூரை பாலிசிகளில் 'ஓப்பன் ரூஃப்' விலக்கு இருக்கும். கூரை வேலையில் வீட்டுக்காரர் ரொம்பவும் பயப்பட வேண்டிய சேதமே அதுதான். அதற்கே கவரேஜ் இல்லை என்றால் மீதியை வைத்து என்ன செய்வது? ஒரு நாளில் மூட முடிகிற அளவுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதையும் கான்ட்ராக்ட்டில் எழுதிவிடுங்கள். மூன்றாவது: சப்-கான்ட்ராக்டர் ஆட்கள் வந்தால்? பெரும்பாலும் அவர்கள்தான் வருவார்கள். அவர்களிடம் தனி இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் கிளெய்ம் செல்லாது என்று சில பாலிசிகளில் நிபந்தனை இருக்கும்.

வொர்க்கர்ஸ் காம்ப் பகுதியில் ஒரு தந்திரம் நடக்கிறது. ஊழியரே இல்லை என்று சொல்லி, முதலாளியையும் விலக்கி, குறைந்தபட்ச பிரீமியத்தில் ஒரு பாலிசி எடுப்பார்கள். 'கோஸ்ட் பாலிசி' என்பார்கள். சர்டிஃபிகேட்டில் வொர்க்கர்ஸ் காம்ப் என்று அழகாக இருக்கும், கூரையில் நிற்கும் ஒருவருக்கும் அது உதவாது. உரிமையாளர் விலக்கப்பட்டாரா என்ற கட்டம் படிவத்திலேயே உண்டு. அதில் ஆம் என்று இருந்தால், அன்றைக்கு மேலே ஏறப்போகிறவர்கள் யார் பாலிசியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் போதாதா என்று கேட்டீர்கள். தன் ஆட்களோடு வரும் கான்ட்ராக்டரின் ஊழியர் விழுந்தால் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பில்லை. ஆனால் வழக்கு வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வணிகக் கட்டட உரிமையாளர்களுக்கு டெக்சஸ் சட்டம் தரும் சிறப்புப் பாதுகாப்பு குடியிருப்பு வீட்டுக்குக் கிடைக்காது. வேலையை நீங்களே நின்று நடத்தினால், உங்கள் ஏணியைக் கொடுத்தால், நிலைமை உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். வாதாட உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி வரும் என்றாலும், கிளெய்ம் வரலாற்றில் அது ஏறும், அடுத்த பிரீமியமும் ஏறலாம். அதை விடுங்கள், விழுந்தவருக்கு மருத்துவச் செலவுக்கு வழியே இல்லாமல் போகும். உங்கள் கூரைக்காக ஏறியவர் அவர். இதை நான் வெறும் பணக் கணக்காகப் பார்க்கவில்லை.

கான்ட்ராக்டரின் லயபிலிட்டி பாலிசியில் 'அடிஷனல் இன்ஷூர்ட்' (அந்த பாலிசியின் பாதுகாப்பு கிடைக்கும் கூடுதல் நபர்) என்று உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்படிச் சேர்த்ததைக் காட்டும் எண்டார்ஸ்மென்ட் என்ற இணைப்புத் தாளின் நகலையும் வாங்குங்கள். 'சர்டிஃபிகேட் ஹோல்டர்' என்று பெயர் போடுவது வேறு, அதனால் உரிமை எதுவும் வராது. வேலை நடக்கும்போது மட்டுமல்ல, முடிந்த பிறகு வரும் சேதத்துக்கும் அந்த எண்டார்ஸ்மென்ட் செல்ல வேண்டும். மோசமாகப் போட்ட கூரையைத் திரும்பப் போட லயபிலிட்டி பணம் தராது என்பதையும் மறக்காதீர்கள். அதற்கு வாரன்ட்டிதான்.

சரி, டிடக்டிபிள். உங்களுக்கு அது 5 லட்சத்தில் 2%, அதாவது 10,000 டாலர். அதைத் தள்ளுபடி செய்கிறேன் என்று கான்ட்ராக்டர் சொல்வது டெக்சஸில் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி டிடக்டிபிளை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டியதற்கு ஆதாரம் காட்டிய பிறகே, பழைய கூரையின் தேய்மானத்துக்காக முதலில் பிடித்துவைத்த தொகையை விடுவிப்பேன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லலாம். முதல் சந்திப்பிலேயே சட்டத்தை மீறச் சொல்கிறவர் அனுப்பிய சர்டிஃபிகேட்டை நான் நம்ப மாட்டேன். பாதிப் பணம் முன்பணம் என்பதும் வேண்டாம். பொருள் வாசலில் இறங்கியதும் ஒரு பகுதி, வேலை முடிந்ததும் மீதி என்று பேசுங்கள்.

23,500 கேட்டவரையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். விலை கூட என்பதாலேயே அவரிடம் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தேறினால் அவருக்கே கொடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள். ஷிங்கிள்ஸ் பிரிக்கும் நாள் காலையில் ஏஜென்டுக்கு இன்னொரு முறை போன் போட்டு பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அதுவரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாலிசியின் நிபந்தனை, அதற்கான நியாயமான செலவைப் பெரும்பாலும் கிளெய்மில் சேர்க்கலாம். மூடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.