"அப்பா லோடு ஏற்றிப் போயிருக்கார்" என்று எத்தனை நாள் சொல்வது?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு அத்தை எழுதியிருக்கிறார். லாரி ஓட்டும் தம்பி நாக்பூர் அருகே விபத்தில் இறந்து எட்டு நாள் ஆகிறது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. உடல் வந்த அன்று சிறுவனைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "அப்பா லோடு ஏற்றி வடக்கே போயிருக்கார்" என்று இன்றுவரை சொல்லி வைத்திருக்கிறார்கள். தெருவில் ஏர் ஹார்ன் கேட்டால் அவன் வாசலுக்கு ஓடுகிறான். பெண் அழவே இல்லை, வீட்டு வேலை எல்லாம் அவளே இழுத்துப் போட்டுச் செய்கிறாள். வருஷம் திரும்பட்டும், பையனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பது பெரியவர்கள் கட்சி. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, பதினாறாம் நாள் காரியத்தில் அவனுக்கு மொட்டை போட்டு உட்கார வைக்கலாமா, டவுனில் ஒரு மையத்தில் சொல்லும் கவுன்சலிங் பேக்கேஜில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்றால் நாளைக்கு, அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டில் சண்டை வரும்போது சொல்வான். அப்போது அவனுக்கு இரண்டு அடி, அப்பா இல்லை என்பது ஒன்று, வீட்டில் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்பது இன்னொன்று. அதிலும் உங்கள் வீட்டில் இந்தப் பொய் ரொம்பக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அவன் அப்பா வழக்கமாகவே பதினைந்து, இருபது நாள் வராதவர். அதனால் அவன் சந்தேகப்படாமல் காத்துக்கொண்டே இருப்பான், ஒவ்வொரு ஹார்னுக்கும்.

அம்மா சொல்வது நல்லது. அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். கூட்டம் வேண்டாம், ஒப்பாரி நேரம் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாவோட லாரி விபத்துல மாட்டிக்கிச்சு. அப்பாவுக்கு ரொம்பப் பெரிய அடி. அப்பா செத்துப்போயிட்டார் சாமி" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொல்ல வேண்டும்: உடம்பு இனி வேலை செய்யாது, மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, திரும்பி வர முடியாது. ஆறு வயதில் பல பிள்ளைகளுக்குச் சாவு என்றால் போய்விட்டுத் திரும்புவது என்றுதான் மனதில் இருக்கும். எல்லோருக்கும் வரும், வந்தால் மீள முடியாது என்பது முழுதாகப் பிடிபட சிலருக்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். "சாமிகிட்ட போயிட்டார்" என்றால் எந்த பஸ்ஸில் போனால் பார்க்கலாம் என்று கேட்பான். "தூங்குறார்" என்றால் ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவான். "நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்பது இருப்பதிலேயே மோசம், நல்ல பிள்ளையாக இருப்பதற்கே பயந்துவிடுவான்.

இன்னொன்று, அவன் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது: "நீ பண்ணின எதனாலும் இது நடக்கல." இந்த வயதுப் பிள்ளைகள் தான் மனதில் நினைத்தது நடந்துவிடும் என்று நம்புவார்கள். போனில் அப்பாவோடு கோபித்துக்கொண்டு பேசாமல் வைத்ததற்காகத்தான் இப்படி ஆனது என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருப்பான், வெளியே ஒரு வார்த்தை வராது.

சொன்னவுடன் அவன் ஓவென்று அழாமல், "சரி, நான் சைக்கிள் ஓட்டப் போகட்டுமா" என்று கேட்கலாம். பிள்ளைக்குப் பாசம் இல்லை என்று யாராவது மூக்கை உறிஞ்சினால் அவர்களை வெளியே அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தாங்குவார்கள், ஐந்து நிமிடம் அழுகை, ஒரு மணி நேரம் விளையாட்டு. ராத்திரி சோறு தின்னும்போது திடீரென்று "அப்பா எப்ப வருவார்" என்று மறுபடியும் கேட்பான். மறுபடியும் அதே பதிலைச் சொல்லுங்கள், அலுப்புக் காட்டாமல். படுக்கையில் ஒன்றுக்குப் போவது, அம்மா முந்தானையை விடாதது, பள்ளிக்கூடம் போக அடம்பிடிப்பது எல்லாம் சில வாரம் இருக்கும். இதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம், தாயத்தும் வேண்டாம்.

இப்போது பெண்ணுக்கு வருகிறேன், உண்மையில் எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. வந்தவர்கள் எல்லாம் "பெரிய மனுஷி மாதிரி எவ்வளவு பொறுப்பு, இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இந்த ஒரு வாக்கியம்தான் அந்தப் பிள்ளையின் வாயை அடைக்கிறது. தான் அழுதால் அம்மா உடைந்துபோவாள் என்று அடக்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்குங்கள். பையனிடமும் "இனி நீதான் இந்த வீட்டு ஆம்பளை" என்று எவராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஆறு வயசுக்கு என்ன ஆம்பளை.

டாக்டர் வேண்டாம் என்றேன், அதற்கு விதிவிலக்கு உண்டு. முதலில், சாவைக் கண்ணால் பார்த்த பிள்ளை. லாரிக்காரர்கள் லீவில் பிள்ளைகளை கேபினில் ஏற்றிப் போவது வழக்கம், அப்படிக் கூட இருந்த பிள்ளையின் கதையே வேறு. உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இப்போது பார்ப்பது என்பது நேரில் மட்டும் இல்லை. நசுங்கிய வண்டியையும் உள்ளே இருப்பவரையும் போட்டோ, வீடியோ எடுத்து டிரைவர் குரூப்பில் போடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், அது வாட்ஸ்அப்பில் சுற்றி உங்கள் தம்பி மகள் கைக்கு வந்திருக்கலாம். அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், "பார்த்தியா" என்று மட்டும், திட்டாமல். பார்த்திருந்து, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது, கெட்ட கனவில் அலறி எழுகிறாள், லாரி சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது, ரோட்டோரம் நடக்கவே மாட்டேன் என்கிறாள், ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் இது வெறும் துக்கம் இல்லை, அதிர்ச்சி நோய். தானாகச் சரியாகட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சைக்குப் பிள்ளைகளிடம் நல்ல பலன் உண்டு, தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பார்க்காத பிள்ளைக்கும் ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏக்கம் துளிக்கூடக் குறையாமல் பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் நின்றே கிடந்தால் காட்டத்தான் வேண்டும். தானும் செத்துப்போகணும் என்று சொன்னால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றைக்கே.

அந்த கவுன்சலிங் பேக்கேஜுக்குப் போகாதீர்கள். பத்து சிட்டிங், முன்பணம், அதோடு விரல் ரேகை எடுத்து மூளையைப் படித்துச் சொல்கிறோம் என்பார்கள். விரல் ரேகைக்கும் மனசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் ஊரில் கவுன்சலர் என்று போர்டு மாட்டினால் பெரும்பாலும் யாரும் தட்டிக் கேட்பதில்லை, அதுதான் வசதி. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். அரசின் மனநல உதவி எண் 14416, டெலிமானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனால் வரிசையில் நிற்க வேண்டும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரத்தில் என்ன செய்ய முடியும் என்று நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ஆனாலும் அங்கே உங்களை ஏமாற்ற மாட்டார்கள்.

பண விஷயம், சுருக்கமாக. இறப்புச் சான்றிதழ் இறந்த இடத்தில்தான் பதிவாகும். மகாராஷ்டிராவில் நடந்ததை நாமக்கல் மாநகராட்சியில் எழுதித் தருகிறேன் என்று எவனாவது காசு கேட்டால் விரட்டுங்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், வருமானம் ஈட்டும் அப்பா விபத்தில் இறந்ததற்கு ஆளுக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகைத் திட்டம் உண்டு, தலைமையாசிரியர் வழியாக மனு. கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேளுங்கள், வருமான வரம்புக்குள் வந்தால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை. இரண்டுக்கும் புரோக்கர் வேண்டாம். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தோடு பேசாது, அதே ஜெராக்ஸை இரண்டு இடத்திலும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், தலையெழுத்து.

தம்பியின் போன் எங்கே இருக்கிறது? அதில் அவர் பிள்ளைகளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் வேறு போனிலோ பென்டிரைவிலோ ஏற்றி வையுங்கள். ரீசார்ஜ் போடாமல் விட்டால் சில மாதத்தில் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். பையன் ஒருநாள் அந்த நம்பருக்கு அடித்து யாரோ ஒருவர் "ஹலோ" சொல்லக் கூடாது.

காரியத்தில் அவன் உட்காரலாம். என்ன நடக்கும், யார் யார் அழுவார்கள் என்று முன்னாடியே சொல்லிக் கூட்டிப் போங்கள், பாதியில் எழுந்து வர ஒரு சித்தப்பாவைப் பக்கத்தில் போடுங்கள். ஆனால் அம்மாவுக்குப் பூவும் பொட்டும் வைத்துப் பறிக்கிற, வளையல் உடைக்கிற அந்தக் கொடுமை உங்கள் வீட்டில் நடப்பதாக இருந்தால் அதை நிறுத்துங்கள், அத்தை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும். பெரியவர்கள் கேட்கவே இல்லை என்றால் இரண்டு பிள்ளைகளும் அந்த நேரம் அங்கே இருக்கக் கூடாது. மொட்டையை அவனிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள்.