வாசகர் கேள்வி – பதில்: மின்சைக்கிளுக்குப் பெரிய பற்றரி தேவையா?

கேள்வி: கொண்டாவிலில் மாடிவீடொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். யாழ்ப்பாண நகரிலுள்ள வேலையிடத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் போகவர 12 கிலோமீற்றர் ஆகும். ஐம்பது வயதைக் கடந்துவிட்டேன், முழங்கால் நோகிறது. பாரம் குறைந்த மின்சைக்கிள் ஒன்று வாங்க விரும்பினால், கடைக்காரர் பெரிய பற்றரி பூட்டியதையே எடுக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகி, கொண்டாவில்

பதில்: இந்த விடயத்தில் கடைக்காரரின் சொல்லைக் கேட்க வேண்டாம். 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணி கொண்ட லிதியம் பற்றரியில் 360 வற்று-மணி மின் இருக்கும். நீங்களும் மிதித்துக்கொண்டு மட்டமான வீதியில் போனால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 வற்று-மணியே செலவாகும் என்பதால், உங்கள் நாளாந்த ஓட்டத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. முழுதாக ஏற்றினாலும் அரை அலகுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் மின்சாரம் போகும். இத்தகைய பற்றரி இரண்டு மூன்று கிலோதான். மலிவு வண்டிகளில் வரும் ஈய-அமிலப் பற்றரியோ, 12 வோல்ற்றுப் பெட்டிகள் நான்கு சேர்ந்தாலே பதினைந்து கிலோவை எட்டிவிடும், அதைத் தவிருங்கள்.

பற்றரி கழற்றக்கூடியதாக இருப்பது உங்களுக்கு மிக முக்கியம். வண்டியைக் கீழே பூட்டிவிட்டுப் பற்றரியை மட்டும் மாடிக்குக் கொண்டுபோகலாம்; வெயிலில் வந்தவுடன் சார்ஜரில் போடாமல் சூடு தணிய விடுங்கள். மொத்தப் பாரம் 18 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. கடையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு சுற்று மிதித்துப் பாருங்கள். பாதிவழியில் பற்றரி இறங்கினால், அந்தப் பாரத்தை முழங்கால்தானே சுமக்க வேண்டும்!

மோட்டர் 250 வற்றுப் போதும். யாழ்ப்பாணத்தில் மேடேது? நமக்கு ஏற்றம் என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத்தான். கொண்டாவிலிலிருந்து நகருக்குப் போகும்போது அது முகத்திலேதான் அடிக்கும், அதற்கு இந்த உதவி தாராளம்.

பலரும் கவனிக்காத ஒன்று பின்சில்லு. மோட்டர் பின்சில்லின் நடுவில் இருந்தால், ரயரையோ ரியூப்பையோ மாற்றுவதற்கு மின்கம்பியையும் பெரிய நட்டுகளையும் கழற்ற வேண்டும். சந்தியில் ஒட்டுப் போடுபவர் எல்லோரும் அதற்கு இசைய மாட்டார்கள். ஆகவே வாங்குமுன் நீங்கள் வழமையாகப் போகும் திருத்துநரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். ரயரும் ரியூப்பும் இங்கு கிடைக்கும் சாதாரண அளவிலேயே இருக்கட்டும். மாரி மழையில் நனைந்தால் பாதகமில்லை. சில்லின் அச்சு மூழ்குமளவுக்கு வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் மட்டும் ஓட்ட வேண்டாம்.

மிதிக்காமலே கைப்பிடியை முறுக்கி ஓடும் வகையை எடுப்பதாயின், பதிவு வேண்டுமா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேட்டறியுங்கள். எதை வாங்கினாலும், மோட்டரின் வற்று அளவையும் பற்றரியின் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.