வீட்டு உறுதிய ஈடு வச்சு நேர்சிங் படிக்க விடலாமா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு களுவாஞ்சிகுடி. மூத்தவ ஏ.எல் பயோ எடுத்து மூணு பாடமும் பாஸ், ஆனா இஸட் ஸ்கோர் கெம்பஸுக்குக் காணாது. கவர்மெண்ட் நேர்சிங் ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போடச் சொல்லி டீச்சர் சொல்றா, அது எப்ப கூப்பிடுவாங்களோ தெரியா. கொழும்புல ஒரு தனியார் இடத்தில நாலு வருச நேர்சிங் டிகிரி, பீஸ் 18 லட்சமாம். சீட்டுக் கட்டி எடுத்த காசு 3 லட்சம் கையில இருக்கு, மிச்சத்துக்கு வீட்டு உறுதிய பேங்க்ல வைப்பம் எண்டு அவர் நிக்கிறார். முடிச்சா வெளிநாட்டுல சம்பளம் அள்ளலாம் எண்டு அங்க சொன்னாங்க. என்னக்கா செய்யிற?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்த ரெண்டு மூணு தரம் வாசிச்சன். உறுதியில கை வைக்கிறதுக்கு முதல் ஒரு விசயத்த விசாரிங்க. அந்த டிகிரிய முடிச்சா இலங்கை தாதியர் சபையில பதியலாமா? படிப்பிக்கிற இடத்து ஒபிஸ்ல கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவாங்க, அதால நேரா சபையிட்டயே கேளுங்க, முடிஞ்சா எழுத்தில வாங்குங்க. பதிவு இல்லாட்டி மகள் நேர்ஸ் இல்ல, எத்தின லட்சம் கட்டிப் படிச்சாலும் இல்ல. போன வருசம் அங்க முடிச்ச ரெண்டு புள்ளைகள்ட நம்பரும் கேட்டு வாங்குங்க. இப்ப எங்க வேலை செய்யிறாங்க, கையில எவ்வளவு வருது எண்டு அந்தப் புள்ளைகள் சொல்றதுதான் கணக்கு, நோட்டீஸ்ல அடிச்சிருக்கிற சம்பளம் இல்ல.

இனி காசு. 18 லட்சம் எண்டது பீஸ் மட்டும். கொழும்புல போடிங், சாப்பாடு, மாசம் ஒருக்கா ஊருக்கு வந்து போற பஸ் காசு எல்லாம் சேத்து மாசம் 25 ஆயிரம் எண்டு குறைச்சுப் போட்டாலும் நாலு வருசத்துக்கு இன்னொரு 12 லட்சம். அது ஆர்ட கையில இருந்து வரப்போகுது? மறுகா வட்டிய பாருங்க. 15 லட்சம் எடுத்து வட்டி 14 வீதம் எண்டு வைங்க, வட்டி மட்டுமே மாசம் 17,500 ரூபா, அதுவும் மகள் ஒரு சதம் உழைக்கத் தொடங்க முதலே. கட்டாம விட்டு வட்டிக்கு வட்டி ஏறினா நாலு வருசத்தில அந்த 15 லட்சம் 25 லட்சத்தத் தாண்டும். இல்ல, வட்டிய ஒழுங்காக் கட்டி வந்து படிப்பு முடிஞ்ச பிறகு அந்த 15 லட்சத்த அஞ்சு வருசத்தில அடைக்கப் போனா மாசம் 35 ஆயிரம் கிட்ட வரும். புதுசாச் சேந்த ஒரு நேர்ஸ்ட சம்பளத்தில அது போனா மிச்சம் என்ன எண்டு ஒரு தாளில எழுதிப் பாருங்க.

அமெரிக்காவுல இதுக்கெண்டே கல்வித் திணைக்களம் ஒரு இணையத்தளம் வச்சிருக்கு, காலேஜ் ஸ்கோர்கார்ட் எண்டு பேர். எந்தக் காலேஜ்ல எந்தப் படிப்பு முடிச்சவங்க எவ்வளவு உழைக்கிறாங்க, எவ்வளவு கடனோட வெளிய வாறாங்க எண்டு பாத்துத்தான் அங்க புள்ளைகள் முடிவு எடுக்கலாம். மொத்தக் கடன் முதல் வருசச் சம்பளத்தத் தாண்டக்கூடாது எண்டு ஒரு கணக்கும் அங்க சொல்லுவாங்க. அங்க ரெண்டு வருசம் படிச்சவளும் நாலு வருச டிகிரி எடுத்தவளும் நேர்ஸ் லைசன்ஸுக்கு எழுதுறது ஒரே என்கிளெக்ஸ் சோதினைதான், அதால கூடக் காசு கட்டிப் படிக்கிறது கூட உழைக்கத்தான் எண்டு கண்ண மூடிக்கிட்டு நம்ப ஏலாது. அவங்கட டொலர் நமக்குச் சரிவராது, ஆனா அந்தக் கணக்குச் சரிவரும். மகள்ட முதல் வருச மாசச் சம்பளத்த 12 ஆல பெருக்கிப் பாருங்க, 15 லட்சத்துக்குக் கிட்ட வருதா?

கவர்மெண்ட் நேர்சிங் ஸ்கூல் மட்டக்களப்புலயும் இருக்கு, அம்பாறையிலயும் இருக்கு. மூணு வருசம், பீஸ் இல்ல, படிக்கிற காலத்தில மாசக் கொடுப்பனவும் தருவாங்க, முடிய அரசாங்க நியமனம். 2025 பட்ஜெட்ல அரசாங்க வேலைக்குக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 24,250ல இருந்து 40,000 ஆக்கினாங்க, அது கட்டம் கட்டமா 2027 ஜனவரி வரைக்கும் கூடும், நேர்ஸ்மாருக்கு அதுக்கு மேல, ஓ.டியும் சேரும். டிகிரி வேணும் எண்டா வேலை செஞ்சுக்கிட்டே திறந்த பல்கலைக்கழகத்தில நேர்சிங் டிகிரி செய்யலாம், நம்மட ஆஸ்பத்திரிகள்ல அப்பிடிச் செஞ்ச சிஸ்டர்மார் எத்தின பேர்.

காத்திருக்கிறது கஷ்டம்தான், வயசு எல்லையும் இருக்கு, அத நான் சின்னதாச் சொல்லல்ல. ஆனா காத்திருக்கிற நேரத்தில மகள் சும்மா இருக்கத் தேவையில்ல, இங்கிலிஷப் பிடிக்கச் சொல்லுங்க, சிங்களமும் படிக்கட்டும். டிகிரிதான் எண்டு முடிவெடுத்தா ஏ.எல் பாஸான புள்ளைகளுக்கு 2017ல தொடங்கின வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கு, வட்டிய அரசாங்கம் கட்டும். அந்தப் படிப்பு அந்தத் திட்டத்தில சேருதா எண்டு உயர்கல்வி அமைச்சில கேளுங்க.

உறுதிய மட்டும் வைக்க வேணாம் தங்கச்சி. நம்மட பக்கம் வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தானே போகுது, அது மகள்ட சொத்து. அவட படிப்புக்காக அவட வீட்டையே கொண்டு போய் பேங்க்ல வைக்கிறத என்னால சரி எண்டு சொல்ல ஏலாது. அவரிட்டயும் இத வாசிச்சுக் காட்டுங்க.

கேள்வி: ஒரு வருச நேர்சிங் கோர்ஸ், 4 லட்சம். முடிச்சா லண்டனுக்கு அனுப்புவம் எண்டு ஏஜென்ட் சொல்றார். லோன் எடுக்கலாமா அக்கா?
– ஒரு தம்பி, திருக்கோவில்

பதில்: எடுக்காத மனே. ஒரு வருசம் படிச்சு நேர்ஸ் ஆக ஏலாது, அது பராமரிப்பு உதவியாளர் வேலைக்கான படிப்பு. அந்த வேலைக்கு வெளிநாட்டில இருந்து ஆள் எடுக்கிற விசாவ இங்கிலாந்து 2025 யூலை 22ல இருந்து நிப்பாட்டிட்டு. அங்க நேர்ஸா போறதெண்டா ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலிஷ் சோதினையில எழுத்துக்கு 6.5, மத்த மூணுக்கும் 7 வேணும், கம்பியூட்டர் சோதினை, மறுகா அங்க போய் செய்முறைச் சோதினை. அதெல்லாம் தாண்டினவங்களுக்குத்தான் 2025–26ல தொடக்கச் சம்பளம் வருசத்துக்கு 31,049 பவுண். ஏஜென்ட் உனக்குக் காட்டினது அந்தச் சம்பளம், விக்கப் பாக்கிறது வேற படிப்பு. நீ ஏ.எல் என்ன பாடம் எடுத்த எண்டு எழுதல்லயே, சயன்ஸ் எண்டா நேர்சிங் ஸ்கூல் வர்த்தமானி வருதா எண்டு பாத்துக்கிட்டே இரு, இல்லாட்டி என்ன பாடம் எண்டு எழுது, அடுத்த இதழ்ல பாப்பம்.