பிக்கரிங் பக்கம் போகிறீர்களா? டிக்கெட் வாங்கும் முன் ஒரு நிமிடம்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விகள் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் நார்த் யார்க்‌ஷயரில் இருக்கும் பிக்கரிங் என்ற சின்ன ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றியவை. ஊருக்குள்ளேயே ஒரு பழைய கோட்டை, நீராவி ரயில். காரில் சற்று தூரம் போனால் டால்பி காடு, மிருகக்காட்சிசாலையும் ராட்டினங்களும் சேர்ந்த ஃபிளமிங்கோ லாண்ட். இன்னும் கொஞ்சம் போனால் விட்பி கடற்கரை. பிள்ளைகளுக்கு வசதியான ஊர்தான், பர்ஸுக்குத்தான் அவ்வளவு வசதியில்லை. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

நாங்கள் மிடில்ஸ்பரோவில் இருக்கிறோம். மூன்று பிள்ளைகள். கோடையில் என் அப்பா, அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். பழைய கோட்டை, மாளிகைகளைப் பராமரிக்கும் அமைப்புகளான இங்கிலிஷ் ஹெரிடேஜ், நேஷனல் டிரஸ்ட் இரண்டில் எதற்குச் சந்தா கட்டுவது? அல்லது போகிற இடத்தில் டிக்கெட் வாங்கிக்கொள்வது மேலா?

ஒரு தாளை எடுத்து, இந்த வருடம் நிஜமாகவே போகப்போகும் இடங்களை எழுதுங்கள். போக ஆசைப்படும் இடங்களை அல்ல. சந்தா வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பிக்கரிங்கைச் சுற்றி இங்கிலிஷ் ஹெரிடேஜின் கை ஓங்கியிருக்கிறது. பிக்கரிங் கோட்டை, ஹெல்ம்ஸ்லி கோட்டை, ரீவோ மடாலயம், பைலண்ட் மடாலயம், விட்பி மடாலயம், ஸ்கார்பரோ கோட்டை எல்லாம் அவர்களுடையவை. நேஷனல் டிரஸ்டுக்கு இந்தப் பக்கத்தில் சொல்லும்படி இருப்பது நனிங்டன் ஹால் என்ற மாளிகை. ஆகவே உங்கள் சுற்று இந்த வட்டாரத்துக்குள்தான் என்றால் முதலாவதுதான் லாபம். அதில் பெரியவர் ஒருவரின் சந்தாவிலேயே குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு பேர் வரை 18 வயது ஆகும்வரை இலவசமாக உள்ளே போகலாம். உங்கள் மூன்று பேருக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ரீவோவில் மட்டும் கொஞ்சம் கவனம். பள்ளத்தாக்கில் இடிந்து நிற்கும் மடாலயம் இங்கிலிஷ் ஹெரிடேஜ். அதே மடாலயத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி, குன்றின் விளிம்பில் புல்வெளியும் இரண்டு சிறு கோயில் போன்ற கட்டடங்களுமாக இருக்கும் ரீவோ டெரஸ், நேஷனல் டிரஸ்ட். பெயரில் பாதி ஒன்று, வாசல் வேறு, அட்டையும் வேறு. மேலே போய் கீழே உள்ளதற்கான அட்டையை நீட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நீட்டியவர்களில் நானும் ஒருவன்.

அப்பா, அம்மா உங்கள் சந்தாவில் சேர மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று இங்கிலிஷ் ஹெரிடேஜ் 9 நாள், 16 நாள் பாஸ் வைத்திருக்கிறது. அவர்கள் இருக்கும் நாட்களில் மூன்று நான்கு இடங்களாவது பார்ப்பார்கள் என்றால் அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் என்றால் விட்பி மடாலயத்துக்கு ஊருக்குள்ளிருந்து ஏறும் 199 படிகளையும் கணக்கில் சேருங்கள். மேலே கார் நிறுத்த இடம் இருக்கிறது.

இரண்டு சந்தாவுமே உதவாத இடங்களும் உண்டு. நீராவி ரயில், ஃபிளமிங்கோ லாண்ட், மால்ட்டன் அருகே உள்ள ஈடன் கேம்ப், காசில் ஹவர்ட் மாளிகை ஆகியவற்றுக்குத் தனித்தனி டிக்கெட். பிள்ளைகள் அதிகம் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

கடைசியாக ஒன்று. டைரக்ட் டெபிட்டில் கட்டினால் அடுத்த வருடம் தானாகவே பணம் எடுக்கப்படும். சந்தா எடுத்த அன்றே, பதினோராவது மாதத்தில் நினைவூட்டும்படி போனில் போட்டுவையுங்கள். இணையத்திலோ தொலைபேசியிலோ எடுத்த சந்தாவை 14 நாளுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு. அதற்குள் பயன்படுத்தியிருந்தால் அதற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாம்.

நீராவி என்ஜினுக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறோம். அன்றைக்கு டீசல் என்ஜின் வந்து நின்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பிக்கரிங்கிலிருந்து குரோமண்ட் வரை 18 மைல் ஓடும் நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வேயைத்தான் சொல்கிறீர்கள். (குரோமண்டின் ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ஸ்' உண்டு. அதை உச்சரித்தால் ரயில் கார்டு திருத்துவார்.) 1836-இல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் போட்ட பாதை. அப்போது பெட்டியை இழுத்தது குதிரை. 1965-இல் மூடினார்கள், 1973-இல் ஆர்வலர்கள் சேர்ந்து திரும்பத் திறந்தார்கள். சில வண்டிகள் குரோமண்டைத் தாண்டி விட்பி வரை போகும்.

டீசல் வருவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. வறண்ட கோடையில் மூர் எனப்படும் மேட்டு நிலத்துப் புதர்கள் சருகாகக் காய்ந்து கிடக்கும். நீராவி என்ஜினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். தீ அபாயம் கூடும் நாட்களில் டீசலை மாட்டிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உரிமை என்று பார்த்தால், நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. எந்தப் பாரம்பரிய ரயிலாக இருந்தாலும் அவர்களது நிபந்தனைகளில் 'என்ஜின் மாறலாம்' என்ற வரி பொதுவாக இருக்கும். அது இருந்து, வண்டியும் நேரத்துக்கு ஓடிவிட்டால் பணம் திரும்புவது கடினம். வண்டியே ஓடாவிட்டால் கதை வேறு, பணத்தைக் கேட்கலாம். 'நீராவி ஓட்டும் அனுபவம்' என்று தனியாக விற்கும் சிறப்பு டிக்கெட்டில் டீசலைக் காட்டினால், 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தைத் தைரியமாக எடுத்துப் பேசுங்கள். அங்கே விற்கப்பட்ட பொருளே நீராவிதான். மற்றபடி, கிளம்பும் நாள் காலையில் அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு என்ன வாக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

முன்பதிவு செய்த நாளில் மழை கொட்டினால்?

நனைவீர்கள். இணையத்தில் வாங்கியவற்றுக்கு உள்ள அந்த 14 நாள் ரத்து உரிமை, குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்கு டிக்கெட்டுகளுக்குக் கிடையாது. இடம் திறந்திருக்கும்வரை மழை உங்கள் பொறுப்பு. தேதியை மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே பார்த்துவையுங்கள். மழைநாளுக்கு ஒதுக்கிவைக்க நல்ல இடம் ஈடன் கேம்ப். 1942-இல் இத்தாலியப் போர்க் கைதிகளை அடைத்த முகாம் அது. 1987-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வரிசை வரிசையாகக் குடிசைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் போர்க்காலத்தின் ஒரு துண்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடும்போது மட்டும்தான் தலை நனையும்.

டிக்கெட் கவுன்ட்டரில் "கிஃப்ட் எய்ட் செய்கிறீர்களா?" என்று கேட்டு இரண்டு விலை சொன்னார்கள். பின்னால் வரிசை நின்றதால் சரி என்று தலையாட்டிவிட்டேன். என்ன அது?

இடத்தை நடத்துவது அறக்கட்டளை என்றால் இந்தக் கேள்வி வரும். சாதாரண விலை 40 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக விரும்பி 10 சதவீதம் கூடக் கொடுத்தால் 44. அந்த முழு 44-ஐயும் நன்கொடையாகக் கணக்கில் எழுதி, பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து 11 பவுண்ட் அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். சில இடங்களில் விலையைக் கூட்டாமல், அதே டிக்கெட்டில் ஒரு வருடம் திரும்பத் திரும்ப வரலாம் என்று கொடுத்து இதே சலுகையைப் பெறுவார்கள். அந்த மாதிரி டிக்கெட்டைக் குப்பையில் போடாமல் வையுங்கள்.

கூடுதல் தொகை உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் குறைந்த விலையைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் அரசிடம் வாங்கும் தொகை அளவுக்காவது நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசத்தை வரித்துறை உங்களிடமே கேட்கும். ஊரிலிருந்து வந்த அப்பா தன் கார்டை நீட்டி டிக்கெட் வாங்கும்போது "இல்லை" என்று சொல்லச் சொல்லுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். விட்பியில் மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிடலாம்தானே?

கேட்டுவிட்டு வாங்குங்கள். யார்க்‌ஷயரில் பல சிப்ஸ் கடைகள் இன்றைக்கும் பொரிப்பது எண்ணெயில் அல்ல, மாட்டுக் கொழுப்பில். அதுதான் ருசி என்று பெருமையாகவே சொல்வார்கள். வெண்ணெய்க் கட்டி போல வெளுத்த கொழுப்புக் கட்டிகளைச் சட்டியில் உருக்குவார்கள். சிப்ஸ் சூடாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆறிய பிறகு விரல் நுனியிலும் மேலண்ணத்திலும் மெழுகு மாதிரி ஒட்டும்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். சட்டப்படி அவர் தெரிவிக்க வேண்டியது 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி. மீன், பால், முட்டை, எள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, மாட்டுக் கொழுப்பு இல்லை. அதனால் பலகையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நீங்கள் கேட்டால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். "சைவமா?" என்று கேட்காதீர்கள். உருளைக்கிழங்குதானே என்று ஆமாம் சொல்லிவிடுவார்கள். "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். தாவர எண்ணெய் என்று பதில் வந்தால், மீன் பொரிக்கும் அதே சட்டியா என்று இரண்டாவது கேள்வி.

பிள்ளைகளுக்கு வாங்கும் மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய்களிலும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும், பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். என் வீட்டில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம். கடலோரம் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் கடற்புறாக்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குச் சைவம், அசைவம் பேதமில்லை.

சமூக வலைத்தளத்தில் ஒருவர் "எங்களால் போக முடியவில்லை" என்று ஒரு கேளிக்கைப் பூங்காவின் டிக்கெட்டுகளைப் பாதி விலைக்கு விற்றார். 80 பவுண்ட் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். வாசலில் போனால், அந்த டிக்கெட்டின் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்கிறார்கள். ஆளும் இப்போது பதில் சொல்வதில்லை.

ஒரே டிக்கெட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்கும் வேலை இது. முதலில் போனவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் வாசலில். பூங்காவின் மேல் தப்பில்லை.

உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 159 என்ற எண்ணை அழுத்தினால் பெரும்பாலான வங்கிகளுக்கு இணைப்பு கிடைக்கும். இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். ஒவ்வொரு புகாரிலும் 100 பவுண்ட் வரை வங்கி பிடித்துக்கொள்ள அந்த விதியே இடம் தருகிறது. இழந்தது 80 என்றால், பிடித்தது போக மிச்சம் ஒன்றுமில்லை. எல்லா வங்கிகளும் முழுவதுமாகப் பிடிப்பதில்லை என்பதால் கேட்காமல் விடாதீர்கள்.

பூங்காவிடமே நேரடியாக டெபிட் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவரிடமிருந்து பணத்தை வங்கி வழியாகத் திரும்ப எடுக்கும் 'சார்ஜ்பேக்' கேட்டிருக்கலாம். கிரெடிட் கார்டில் இன்னும் வலுவான பாதுகாப்பு உண்டு. 1974-ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். இதிலும் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம்: ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். 30 பவுண்ட் டிக்கெட் நான்கு வாங்கி மொத்தம் 120 கட்டினால் பொதுவாக அது சேராது. ஒரே குடும்ப டிக்கெட் 120 என்றால் சேரும்.

கார் பார்க் இயந்திரத்தில் பணம் கட்டினோம். ஆனால் வண்டி எண்ணில் சுழியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டோம். இப்போது 100 பவுண்ட் கேட்டுக் கடிதம்.

கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். கவுன்சில் அனுப்பியதா, தனியார் நிறுவனமா? இரண்டும் ஒரே மாதிரி மிரட்டும். தனியார் என்றால் அது அபராதமல்ல, பில் மாதிரி. கட்டிய ரசீது அல்லது கார்டு கணக்கின் வரியை இணைத்து 28 நாளுக்குள் அவர்களுக்கே முறையீடு அனுப்புங்கள். ஓர் எழுத்து மாறிய இப்படிப்பட்ட பிழைக்கு ரத்து செய்ய வேண்டும் என்று அவர்களது சங்கங்களின் நடத்தை விதியே சொல்கிறது. மறுத்தால், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பயந்துபோய் முதலிலேயே பணத்தைக் கட்டிவிட்டால் முறையீட்டுக்கு வழி அடைபட்டுவிடும்.

பார்க்கிங் பேச்சு வந்ததால் ஒன்று. டால்பி காட்டில் கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கில்லை. இரண்டு குடும்பமாகப் போனால் ஒரே பெரிய வண்டியில் போங்கள்.

கார் இல்லை, லீட்ஸில் இருக்கிறோம், கையில் காசும் அதிகம் இல்லை. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

840 எண் கோஸ்ட்லைனர் பேருந்து. லீட்ஸ், யார்க், மால்ட்டன், பிக்கரிங் வழியாக மூர் நிலத்தைக் கடந்து விட்பி போகும். 2018-இல் பிரிட்டனிலேயே அழகான பேருந்துப் பாதை என்று தேர்வானது இதுதான். 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு வழிப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. மாடியில் முன்வரிசை கிடைத்தால், ஹோல் ஆஃப் ஹார்கம் என்ற பெரும் பள்ளத்தைச் சுற்றி வண்டி வளையும்போது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வேட் என்ற அரக்கன் கைநிறைய மண்ணை அள்ளி வீசிய இடம் என்பது ஊர்க் கதை. எல்லா வண்டியும் விட்பி வரை போகாது. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே கிளம்புங்கள்.

கோத்லண்டில் இறங்கினால் சாலையோரம் ஆடுகள் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து பழைய ரயில்பாதை வழியே குரோமண்டுக்கு மூன்றரை மைல் நடக்கலாம், செலவில்லை. அவ்வளவு நடக்காத பிள்ளைகள் என்றால் பிக்கரிங்கிலேயே இறங்கி மாதா கோயிலுக்குள் போங்கள். சுவர் முழுக்க 15-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1852-இல் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கண்டெடுத்தபோது, வழிபாட்டில் கவனம் சிதறும் என்று சொல்லி அப்போதைய பாதிரியார் மறுபடி சுண்ணாம்பு அடித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் திரும்பச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே நுழைந்ததும் வடக்குச் சுவரில் ஆற்றைக் கடக்கும் ஒரு பெரிய உருவம், தோளில் குழந்தை. டிக்கெட் கிடையாது, உண்டியல் இருக்கிறது.